டிரைவர் கழற்றிய டிஸ்க்

டிரைவருக்குக் கை சும்மா இருக்காது. பஸ்ஸில் எது கடகடத்தாலும் கழற்றிப் பார்த்தால்தான் மனுஷனுக்குச் சோறு இறங்கும். அந்தக் கைதான் கடைசியில் குடியைக் கெடுத்தது.

அவர் மனைவி பள்ளிக்கூட டீச்சர். தொண்டையில் கட்டி, குரல்வளையையே எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். முன்கூட்டியே பேச்சைப் பதிந்துவைத்தால், பிறகு அவள் டைப் செய்வதை அவள் குரலிலேயே கம்ப்யூட்டர் பேசும் என்றான் அவளுடைய தம்பி. லினக்ஸ் தெரிந்தவன். வெளியூரிலிருந்து வந்து எல்லாம் அமைத்துக் கொடுத்துவிட்டு, பதிவுக்கு இன்னொரு காப்பி எடுத்து வையுங்கள் என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டுப் போனான். டிரைவர் நாளைக்கு, நாளைக்கு என்றே ஓட்டினார்.

தினமும் சாயங்காலம் டீச்சர் மைக் முன்னால் உட்கார்ந்தாள்.

"முதல்ல திட்டெல்லாம் பதிஞ்சிடலாங்க. உங்களுக்கு அதுதான் அடிக்கடி வேணும்."

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தாள். கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த கம்ப்யூட்டரில் ஒரு பழைய சின்ன டிஸ்க் கரகரவென்று அறுத்தது. அவள் தூக்கம் கெடுகிறதே என்று டிரைவர் மிஷினை அணைத்து, டிஸ்கைக் கழற்றிவிட்டார். பதிவெல்லாம் பெரிய டிஸ்கில்தானே இருக்கிறது என்ற தைரியம். படுத்தபடி படமாவது பார்க்கட்டும் என்று, கழற்றியதை ஒரு யுஎஸ்பி டப்பாவுக்குள் போட்டு டிவியில் செருகினார். எல்லாவற்றையும் அழிக்கலாமா என்று டிவி கேட்டது. சரி என்று அழுத்தி, வழிய வழியப் படங்களை ஏற்றினார்.

மறுநாள் கம்ப்யூட்டர் எழவில்லை. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. ஏதோ சாவியைக் காணோமாம். டிஸ்கைத் திரும்ப மாட்டினார், வயரை மாற்றினார், அணைத்து அணைத்துப் போட்டார். ஒன்றும் நடக்கவில்லை. கட்டிலிலிருந்து அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தம்பியைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார். விஷயத்தைக் கேட்டு அவன் சிரித்தான்.

"டிஸ்கைக் கழட்டினா அப்படித்தான் நிக்கும் மாமா. ஒரு வரியை மாத்தினாப் போதும். எதைக் கழட்டினீங்க?"

"கரகரன்னு கத்துமே, அந்தச் சின்னது. அதை அழிச்சுப் படம் ஏத்திட்டேன் மாப்ளே."

அவன் சிரிப்பு நின்றுபோனது.

"பெரிய டிஸ்க் பூட்டியிருக்கு மாமா. பாஸ்வேர்டு வெச்சா மறந்துடுவீங்கன்னு, அதோட சாவி ஃபைலை அந்தச் சின்னதுலதான் வெச்சேன். வேற சாவி கிடையாது."

"கடையில கொடுத்தா திறந்துட மாட்டானா?"

"யாராலயும் முடியாது மாமா."

டிரைவர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். அவள் எழுந்து வந்து நாலு அறை விட்டால்கூடத் தேவலை போலிருந்தது அவருக்கு.

பிறகு தம்பி, பழக்கதோஷத்தில், கேட்டான்.

"அக்கா என்ன சொல்றா?"