மூல வார்ப்புருவில் கை வைத்தால்

இணையதளத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் வார்ப்புருக்களுக்கு ஒரு விதி உண்டு. மூல வார்ப்புருவில் கை வைக்கக் கூடாது. அதற்கென்று ஒரு சேய் வார்ப்புருவை உண்டாக்கி, நிறமோ எழுத்தோ எதை மாற்றுவதானாலும் அதில்தான் மாற்ற வேண்டும். மென்பொருளைப் புதுப்பிக்கும்போது மூலத்தில் செய்த மாற்றங்கள் அழிந்துபோகும். சேயில் செய்தவை நிற்கும். மத்திய அரசு அலுவலகத்தில் காலம் தள்ளிய எனக்குத் தெரிந்தவரை, இவ்வளவு தெளிவாக எழுதிய விதியை யாரும் படிப்பதில்லை.

லேக் மார்க்கெட் பக்கத்தில் இருக்கும் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் தளம் திறமூல மென்பொருளில் ஓடுகிறது. உறுப்பினர்கள் வாசித்துப் பதிவு செய்த கதைகள் அதில் இருக்கின்றன. கிளாக்கோமாவில் பார்வை குறைந்துபோன என் மனைவிக்கு மத்தியானங்கள் அவற்றோடுதான் போகும். அவளுக்காகச் சங்கச் செயலாளர், பக்கத்து டாக்குரியாவிலேயே பிறந்து வங்காளப் பேச்சோடு வளர்ந்த பையன், தலைப்புகளை அவளே படித்து எடுக்கும்படி கறுப்புப் பின்னணியில் மஞ்சளாகப் பெரிய எழுத்து வைத்துக் கொடுத்தார். சேய் வார்ப்புருவில்தானே என்று கேட்டேன்.

"ரெண்டே வரி அங்கிள். அதுக்குப் போய்த் தனியா ஒண்ணு எதுக்கு?"

செப்டம்பரில் மென்பொருளைப் புதுப்பித்தார்கள். பழைய சாம்பல் நிறக் கொசு எழுத்து திரும்பி வந்துவிட்டது. விரலால் பெரிதாக்கினால் தலைப்பில் பாதி திரைக்கு வெளியே போனது.

செயலாளரிடம் சொன்னதற்கு, பூஜோ முடியட்டும் என்றார். துர்கா முடிந்து, லட்சுமி முடிந்து, காளியும் முடிந்தாள். எந்தப் பூஜை என்று அவர் குறிப்பிட்டிருக்கவில்லை. செயற்குழுவுக்கு மின்னஞ்சல், அதற்கொரு நினைவூட்டல், அந்த நினைவூட்டலைச் சுட்டி இன்னொரு நினைவூட்டல். மென்பொருளின் பயனர் மன்றத்திலும் பொருள், பார்வை எல்லாம் போட்டு எழுதினேன். யாரோ ஒருவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டியதோடு சரி.

எழுத்து மாறியதிலிருந்து மனைவிக்குத் தலைப்புகளை நான்தான் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அவள் கேட்டாள்.

"பேய்க்கதை ஒண்ணுமே இல்லையா?"

"இருக்கு. நீ கேக்க மாட்டேன்னு விட்டுட்டேன்."

"நீங்க வடிகட்டிக் குடுக்கறதுல நான் எடுத்தா, அது நான் எடுத்ததா?"

ஒன்றுவிடாமல் படிக்கிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். அதற்குப் பிறகு கதை கேட்பதையே நிறுத்திவிட்டாள். மத்தியானம் முழுக்க லேக் கார்டன்ஸ் ஸ்டேஷன் ரயில்களின் சத்தத்தைக் கேட்டபடி நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். நான் எதிரே செய்தித்தாளைப் பிரித்து வைத்துக்கொண்டு, படிக்காமல் உட்கார்ந்திருப்பேன்.

ஒரு காலை செயலாளரின் பதில் வந்தது. சேய் வார்ப்புரு அமைத்தாயிற்று, இனி அழியாது, தாமதத்துக்கு வருந்துகிறோம். தளத்தைத் திறந்து டேப்லெட்டை அவள் மடியில் வைத்தேன். மூக்கு திரையில் இடிக்க, ஒவ்வொரு தலைப்பாக விரலை நகர்த்திக்கொண்டு போனாள். நான் பின்னால் நிற்பது தெரிந்து, "நீங்க போய்க் காப்பி போடுங்க" என்றாள்.

பால் பொங்கும்போது உள்ளே ஒரு கதை தொடங்கியது. எந்தக் கதை என்று நான் கேட்கவில்லை. அலுவலகத்தில் கோப்புகளை முடித்துவைத்த பழக்கத்தில் பதிலின் தேதியை மட்டும் பார்த்துக்கொண்டேன். ஜனவரி இருபத்தாறு. அரசு விடுமுறையன்று ஒரு கோப்பு நகர்ந்திருக்கிறது.