குடிவருகிறவர்களுக்காக ஒரு சன்னல்

ஜெர்மனிக்குப் போன புதிதில் ஒரு சனிக்கிழமை காலை, மேல்மாடியில் குடியிருந்த பெண் தன் சமையலறையைப் படிகளில் இறக்கிக்கொண்டு போனார். சட்டி பானைகளைச் சொல்லவில்லை, சமையலறையையே. சுவர் அலுமாரிகள், கழுவு தொட்டி, தண்ணீர்க் குழாய், அடுப்பு, அதற்கு மேலே புகை உறிஞ்சும் பெட்டி எல்லாம் இரண்டு தடியர்களின் தோளில் இறங்கின. கடனுக்காக யாரோ ஜப்தி செய்கிறார்கள் என்றே நினைத்தேன். எனக்குத் தெரிந்த நாற்பது ஜெர்மன் சொற்களில் துக்க வீட்டுக்குப் பொருந்தக்கூடியவற்றைப் பொறுக்கியெடுத்து, "மிகவும் வருந்துகிறேன், ஃபிரௌ கெல்லர்" என்றேன். அவர் முகம் சிவந்தது. "ஏன்? நல்ல சமையலறைதானே?" என்றார். அங்கே பல வாடகை வீடுகளில் சமையலறை என்பது நான்கு சுவரும் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு குழாயும்தான், மீதியைக் குடிவருகிறவர் கொண்டுவந்து, போகும்போது கழற்றிக்கொண்டு போவார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஃபிரௌ கெல்லருக்கு நான் அவருடைய அலுமாரிகளைப் பழித்தவனாகவே கடைசிவரை இருந்தேன்.

இந்த வருடம் எனக்கும் ஒரு சமையலறை வேலை வந்து சேர்ந்தது. இலங்கை மலைநாட்டில், பதுளை நகரத்தின் ஓரத்தில், மேட்டுப் பாதையில் ஏறிப் போனால் கடைசி வீடு எங்களுடையது. தோட்டத்து வேலையை விட்டபோது அக்காவுக்குக் கிடைத்த சேமலாப நிதியும் நான் அனுப்பியதுமாகச் சேர்ந்து கட்டியது. அக்கா பாக்கியம் என்னைவிடப் பதினொரு வயது மூத்தவள். பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், லயம் என்கிற வரிசை வீட்டின் ஒற்றைக் காம்பராவிலிருந்து நான் பள்ளிக்கூடம் போவதற்காக அவள் பதினாறு வயதில் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு கொழுந்து பறிக்க மலைக்குப் போனாள். புருஷன் செத்து, மகள் மாலதி கலியாணமாகிக் கொழும்புக்குப் பக்கத்தில் வத்தளைக்குப் போன பிறகு இந்த வீட்டில் தனியாக இருந்தாள். இப்போது மாலதி தொலைபேசியில் அழுதாள். அக்காவின் மூச்சு ஏறி இறங்க மறுக்கிறது. பதுளையில் காட்டிய டொக்டர், யாழ்ப்பாணத்துக்காரர், நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "அம்மா எத்தினை வருசமாச் சுருட்டுப் பிடிக்கிறவ?" என்று கேட்டாராம். சுருட்டைத் தொட்டே அறியாத அக்கா வெட்கப்பட்டுச் சிரித்திருக்கிறாள். இனிப் புகையும் ஆகாது, குளிரும் ஆகாது, வெக்கையான இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று அவர் சொல்லிவிட்டார்.

ஆகவே அக்கா வத்தளைக்கு மகளிடம், வீடு வாடகைக்கு, வாடகை அவள் மருந்துக்கு என்று நான் ஜெர்மனியில், டோர்ட்முண்டில் உட்கார்ந்தபடி தீர்ப்புச் சொன்னேன். குடிவர விரும்பியவர் ஒரு டீச்சர். அவர் சமையலறையை எட்டிப் பார்த்துவிட்டு, இதற்குள் எப்படிச் சமைப்பது என்று கேட்டாராம். நியாயமான கேள்வி. ஊரைவிட்டுப் போய் இருபத்திரண்டு வருடமாக நான் கேட்காத கேள்வி.

ஒரு மாத விடுமுறையில் கிளம்பினேன். வேலை செய்வது பெட்டி அடுக்கும் கிடங்கில் என்றாலும் எனக்குப் புத்தகம் படிக்கிற நோய் உண்டு. குறைந்த செலவில் பழைய சமையலறையைப் புதிதாக்குவது எப்படி என்று ஜெர்மன் மொழியில் படித்து, அளவெடுக்காத அறைக்கு அளவோடு படமும் வரைந்து வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தவன், மலிவான டிக்கெட் கிடைத்ததால் செவ்வாய்க்கிழமையே போய் இறங்கினேன். அந்த மூன்று நாள் சிக்கனம்தான் எல்லாவற்றையும் கெடுத்தது.

முன்னறையில், தொலைக்காட்சிக்குப் பக்கத்தில், பூவேலை செய்த துணி போர்த்திய ஒரு பெட்டி இருந்தது. துணிக்கு மேலே பிளாஸ்டிக் ரோசாப்பூக்கள். துணியைத் தூக்கினேன். எட்டு வருடத்துக்கு முன் கொழும்புக் கடையொன்றில் சொல்லி நான் அனுப்பிவைத்த கேஸ் அடுப்பு. அடியில் தெர்மோகோல்கூட அப்படியே இருந்தது.

"இது ஏன்க்கா இங்க இருக்கு?"

"நீ வெள்ளிக்கெழமன்னுல்ல சொன்ன," என்றாள் அக்கா. குற்றம் என்னுடையது என்ற குரல்.

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. அடுப்பை அனுப்பிய பிறகு இரண்டு தடவை வந்திருக்கிறேன். இரண்டு தடவையும் அந்த அடுப்பு சமையலறையில் நீலச் சுடர் விட்டு எரிந்தது. அதில் போட்ட தேநீரைக் குடித்துவிட்டு, அக்கா வசதியாக இருக்கிறாள் என்று திருப்தியோடு விமானம் ஏறியிருக்கிறேன். போதாததற்கு, டோர்ட்முண்டில் நண்பர்களிடம் சொல்லியும் இருக்கிறேன்.

"அப்ப இத்தன வருசமா எதுலக்கா சமைச்ச?"

"எதுல சமைப்பாங்க? வெறகுலதான். உள்ளுக்கு வச்சா பொகபட்டுக் கறுத்துப் போயிராதா? தம்பி அனுப்பினதுன்னு நாலு பேரு வந்து பாக்குறாங்க."

அடுப்பைப் புகையிலிருந்து காப்பாற்றி வைத்திருந்தாள். அந்த வேலையைச் சுத்தமாகச் செய்திருந்தாள். அதில் ஒரு கீறல் இல்லை.

நம்மவர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான். வெளிநாட்டிலிருந்து வந்த தட்டில் யாரும் சாப்பிடுவதில்லை, வந்த போர்வையைப் போர்த்துவதில்லை. நானும் இதையெல்லாம் கேலியாகப் பலமுறை பேசியிருக்கிறேன். என் கேலியின் சிறப்பு, அது எப்போதும் அடுத்த வீட்டைப் பற்றியே இருக்கும்.

மேசன் வேலைக்கு வந்தவர் செல்வராஜ் பாஸ், கீழ்ப்பாதையில் இருப்பவர். மேசன்மாரை எங்கள் பக்கத்தில் பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். சமையலறைக்குள் போனோம். சன்னல் கிடையாது. வீடு கட்டும்போது கைக்காசு முடிந்துவிட்டதால், அடுத்த தடவை வரும்போது சன்னல் வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னது நான். ஓட்டிடுக்கில்தான் புகை வெளியேற வேண்டும். லயத்திலும் அப்படித்தான். அங்கே தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து பெண்கள் மிளாறு கட்டித் தலையில் சுமந்து வருவார்கள். காயாத தேயிலைக் குச்சி எரிகிறதைவிடப் புகைவதுதான் அதிகம். சின்ன வயதில் நான் புகை தாங்காமல் புத்தகத்தோடு வாசலுக்கு ஓடுவேன். "படிக்கிற புள்ள, வெளிய போ" என்று அக்காவே விரட்டுவாள். நான் போன வெளி கொஞ்சம் தூரமாகிவிட்டது.

செல்வராஜ் என் படத்தை விரித்துப் பார்த்தார். "படம் நல்லாருக்குண்ணே. ஆனா இந்தச் சொவரு கோணலா நிக்கிதே, அதப் படத்துல காணோமே?"

"கேஸ் அடுப்பு இந்த மூலையில வரட்டும் பாஸ்."

"எங்க வரும்னு எனக்குத் தெரியாதா? நீங்க வாற நேரமெல்லாம் உள்ளுக்குத் தூக்கி வைக்கிறவனே நாந்தானே. நீங்க பஸ் ஏறினதும் தொடச்சுத் திரும்ப முன்னுக்குக் கொண்டாந்து வைக்கிறதும் நாந்தான்." பிறகு அக்கா பக்கம் திரும்பி, "என்னக்கா, இந்த முற தூக்குறதுதான் கடைசியா?" என்றார்.

"பேசாம வேலயப் பாரு," என்றாள் அக்கா. சிரிக்கத் தொடங்கி, அது இருமலாகி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாங்கள் இருவரும் படத்தைப் பார்த்தோம்.

விறகு அடுப்பை இடித்தோம். தொட்டிக்குப் பக்கத்தில் சீமெந்துத் தட்டு கட்டினோம். கடையில் மிச்சம் கிடந்த டைல்களை மூன்று நிறத்தில் வாங்கி, அதுதான் இப்போது ஐரோப்பாவில் நாகரிகம் என்று பாஸிடம் பொய் சொன்னேன். பழைய அலுமாரிக் கதவுகளைச் சுரண்டி வர்ணம் அடித்தோம். பண்டாரவளையில் இடித்த வீடொன்றிலிருந்து வாங்கிய பழைய சன்னல், சட்டத்தோடு வந்தது. சுவரை உடைத்து அதைப் பொருத்த ஒரு பகல் போதுமானதாக இருந்தது. ஒரே ஒரு பகல்.

சுவர்தான் அடங்கவில்லை. வெள்ளை அடித்தால் மறுநாள் காலையில் தேநீர் சிந்தியதுபோல் பழுப்பு மேலே வந்து நிற்கும். மறுபடி அடித்தோம். மறுபடி வந்தது. "இது ஊத்த இல்லண்ணே, சொவரு குடிச்ச பொக. லேசுல உள்ளுக்கு நிக்காது," என்றார் செல்வராஜ். அக்கா கதவோரத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, எந்த இடம் விட்டுப்போயிற்று என்று விரலால் காட்டிக்கொண்டிருந்தாள். பெயின்ட் வாடை அவளுக்கு ஆகாது, முன்னறையில் இரு என்று எத்தனை தடவை சொன்னாலும் திரும்பி வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை டீச்சர் வந்தார். தொட்டியைத் திறந்து மூடினார், அலுமாரியைத் தட்டிப் பார்த்தார். சன்னலைத் தள்ளியதும் குளிர்ந்த காற்றும் எதிர்மலையும் உள்ளே வந்தன.

"குசினி இப்ப நல்லாயிருக்கு. இந்த யன்னல் புதுசோ?"

"ஆமாங்க டீச்சர்," என்றாள் அக்கா. விருந்துக்கு வந்தவரிடம் பலகாரத் தட்டை நீட்டும் முகம். "ஒங்களுக்காகத்தான் வச்சது."

அதில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

டீச்சர் போன பிறகு அக்காவிடம் சொன்னேன். "வாடகைக்கு விட வேணாம். நீயே இரு. இப்பதான் சன்னல் இருக்கே. மருந்துக்கு நான் அனுப்புறேன்."

அக்கா என்னை, கணக்கைத் தப்பாகப் போட்ட பள்ளிக்கூடப் பையனைப் போல் பார்த்தாள். "சன்னல் வச்சா குளிரு போயிருமா? பாதையில ஏறி எறங்க முடியல. பைப்புத் தண்ணி வராத அன்னிக்கு யாரு தூக்குவா? நீ தூக்குவியா?" கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "டீச்சருக்கு வாக்குக் குடுத்தாச்சு. விடு."

"ஒரு நாளாவது எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லக்கா."

"சொன்னா நீ வருத்தப்படுவ. அப்புறம் இன்னொரு அடுப்பு அனுப்புவ," என்றாள்.

அடுத்த வாரம் வேனில் கிளம்பினோம். அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. வழியில் குமட்டுமோ என்ற பயத்தில் முன்சீட்டைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். ஹல்துமுல்லை தாண்டி வளைவுகள் இறங்க இறங்கக் காற்று சூடேறியது. கம்பளிச் சால்வையைக் கழற்றி மடியில் வைத்தாள். "லேசா இருக்குடா," என்றாள். எதைச் சொல்கிறாள் என்று தெரிந்தது. இருபத்திரண்டு வருடம் இந்த நான்கு மணித்தியால இறக்கம் இங்கேயேதான் இருந்தது.

வத்தளையில் மாலதி ஒரு நெஞ்சு நோய்க் கிளினிக்கில் பதிவு செய்யக் கூட்டிப் போனாள். மேசைக்குப் பின்னாலிருந்த இளம்பெண் சிங்களத்தில் விலாசம் கேட்டாள். மாலதி தன் வீட்டு இலக்கத்தைச் சொல்லத் தொடங்கினாள். அக்கா அவள் கையைத் தட்டிவிட்டு, தோட்டத்தில் கற்ற அரைச் சிங்களத்தில் தானே சொன்னாள். அதைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: "நான் பதுளதான் மிஸ். இங்க சும்மா மூச்சு விட வந்தது."

மாலதி திருத்தப் பார்த்தாள். வரிசையில் பின்னால் நின்றவர்கள் முனகினார்கள். அந்தப் பெண் தோளைக் குலுக்கிவிட்டு, பதுளை வீட்டு இலக்கத்தைக் கேட்டு எழுதிக்கொண்டாள். அடுத்து, நோயாளிக்குப் பொறுப்பானவரின் பெயரும் விலாசமும். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, டோர்ட்முண்ட் என்று தொடங்கினேன். அவளுக்கு எழுத்துக்கூட்ட வரவில்லை, எனக்குச் சொல்லிக்கொடுக்க வாய் எழவில்லை.

"அவனும் அங்கதான் மிஸ்," என்றாள் அக்கா.

அந்த நேரம் டீச்சரின் சாமான் லொறி மேட்டுப் பாதையில் ஏறிக்கொண்டிருந்திருக்கும். மேசைக்குப் பின்னாலிருந்த பெண் பேனாவை உதறிவிட்டு, எங்கள் இருவரில் ஒருவரும் இல்லாத வீட்டின் இலக்கத்தை இரண்டாவது தடவையும் எழுதினாள்.