பக்கத்து வீட்டில் மாட்டிய பை

திருத்தணி நெசவாளர் தெருவில் என் அக்கா புருஷன் ஆதிகேசவன் பாவாவைப் போலப் பரபரப்பான ஆளைப் பார்க்க முடியாது. தறிக்குழியில் இருக்கும்போது மட்டும்தான் மனுஷன் ஓரிடத்தில் இருப்பார். ஆனால் அரக்கோணம் போவதென்றாலும் பஞ்சாங்கம் பார்க்காமல் படி இறங்கமாட்டார். இந்த இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் கூட இருப்பவன் கதி என்ன? கூட இருந்தவன் நான்தான்.

எழுபத்தெட்டில் அவர் மகள் மனோரமா பம்பாயில் ஏழு மாதக் கர்ப்பம். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். ரயில் குலுக்கல் ஆகாது என்று டாக்டர் சொன்னதால் மாப்பிள்ளை விமான டிக்கெட் எடுத்தார். அவருக்கு லீவு கிடைக்கவில்லை, பெண் தனியாக வருகிறாள். அறுநூறு மைலுக்கு மேல். இரண்டு மணி நேரம்கூட ஆகாதாம். நாம் ரயில் ஏறி மெட்ராஸ் போவதற்குள் பிள்ளை பம்பாயிலிருந்து வந்துவிடும் என்று பாவா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

எங்கள் ரயில் சனிக்கிழமை ராகுகாலத்தில். அதற்குப் பரிகாரம்தான் பரஸ்தானம். நல்ல நேரத்திலேயே பையைப் பக்கத்து வீட்டில் வைத்துவிட்டால் பயணம் அப்போதே கிளம்பியதாகக் கணக்கு. விடிந்ததும் பையைக் கோதண்டபாணி வீட்டில் வைத்தார். ரயிலுக்குக் கிளம்பிப் பையை எடுக்கப் போனால் கதவில் பூட்டு! மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்று குடும்பத்தோடு கனகம்மாசத்திரம் போய்விட்டார்களாம்.

பையில் ஒரு வேட்டி, மலைக்கோயில் விபூதி, அவ்வளவுதான். பை இல்லாமல் போனால் ராகுகாலத்தில் கிளம்பியதாக ஆகிவிடும், வயிற்றுப் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடும் என்று வாசலுக்கும் தெருமுனைக்குமாக நடந்தார். ரயில் போய்விட்டது. எனக்கு வந்ததே கோபம். அக்காவோ அழவே ஆரம்பித்துவிட்டாள்.

"பை கெடக்குது, போய்யா. பொண்ணு அங்க ஒண்டியா நின்னுகினு இருக்கும்."

வழியில் கனகம்மாசத்திரத்தில் இறங்கிச் சாவி வாங்கிக்கொண்டு திரும்பலாம் என்றுதான் என்னையும் இழுத்துக்கொண்டு மெட்ராஸ் பஸ்ஸில் ஏறினார். நல்ல வேளையாகக் கோதண்டபாணி அங்கே பஸ் நிறுத்தத்து டீக்கடையிலேயே நின்றிருந்தார். ஜன்னல் வழியாகச் சாவியை வாங்கிய பாவா இறங்குவதற்காக எழுந்து படிக்கட்டுவரை போனார். கண்டக்டர் விசில் ஊதினான். பாவா சாவியைக் கோதண்டபாணி கையிலேயே திணித்தார்.

"நீயே வெச்சிக்க. என் பொண்ணு வந்து எறங்கி இருக்கும்."

மீனம்பாக்கம் வரைக்கும் அவர் உட்காரவே இல்லை. பஸ் ஒவ்வொரு பள்ளத்திலும் இறங்கும்போது முருகா முருகா என்று கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

மனோரமா விமான நிலைய வாசலில் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். வயிற்றில் ஒரு கை. அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"பம்பாயில இருந்து நான் வந்துட்டேன். நீ எங்க நைனா போயிட்ட?"

பாவா அவள் தலையைத் தடவினார். பெட்டியைத் தூக்கப் போனவரை அவள் தடுத்தாள். அப்பனுக்கு ஏற்ற மகள்!

"இப்போ எமகண்டம் நைனா. கொஞ்சம் உக்காந்துட்டுப் போலாம்."

"வாணாம்மா," என்றார் பாவா. "இப்பவே போலாம்."