யானை இருந்த மதில்

ஒட்டுசுட்டானிலிருந்து உள்ளே போகும் வீதியில், வயல் முடிந்து காடு தொடங்கும் இடத்தில் எங்கள் பாடசாலை இருக்கிறது. நான் அங்கே சித்திரம் படிப்பிக்கிறேன். வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்கள் உதவி செய்து முன்பக்கம் ஒரு மதில் எழும்பியபோது, அதில் படங்கள் வரைய வேண்டுமென்று அதிபர் ஆசைப்பட்டார். வரலாறு, கலை, இயற்கை, அரசியல் என்று மதிலை நான்காகப் பிரித்து என்னிடம் தந்தார்.

மதிலுக்குச் சாந்து பூசியவர் என் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் தகப்பன். கலவரத்தில் வீடு எரிந்து மலைநாட்டிலிருந்து வன்னிக்கு வந்த குடும்பம் அவருடையது. வந்தபோது அவர் கைக்குழந்தையாம். மேசன் வேலை இல்லாத நாட்களில் வயல் செய்வார். பூச்சு முடிந்த பிறகும், நான் ஏறி நின்று வரைவதற்குப் பலகை கட்டித் தர வந்துபோனார். பின்னேரங்களில் அவருடைய மனைவி போத்தலில் பால் விடாத பிளேன்ரீ கொண்டுவருவா. மூன்று பேரும் மதில் நிழலில் இருந்து குடிப்போம்.

வரலாற்றுக்குக் குதிரையில் ஒரு வன்னி அரசனை வரைந்தேன். கலைக்குக் கூத்தாடும் ஒருவர். இயற்கைக்கு, குளத்துக்குள் நின்று முதுகில் தண்ணீர் அள்ளி ஊற்றும் யானை. அரசியலுக்கு என்ன வரைவதென்றுதான் தெரியவில்லை. ஆசிரியர்கள் கூடிக் கதைத்தோம். ஒருவர் சொன்னதை மற்றவர் வேண்டாம் என்றார். கடைசியில் அதிபர் கையெடுத்துக் கும்பிட்டார்.

“விடுங்கோ, அது வெள்ளையாவே கிடக்கட்டும். எங்களுக்கு ஏன் வில்லங்கம்?”

மேசன் சிரித்தார். “நான் பூசினதில வடிவான இடம் அதுதான் ரீச்சர். ஒரு கீறலும் இல்லை.”

அந்த வருடம் நெல் பால் பிடிக்கத் தொடங்கியதும் யானைகள் வயலுக்குள் இறங்கின. ஊரில் ஆண்கள் மாறி மாறிப் பரணில் காவல் இருந்தார்கள். காவல் முடிந்து விடியச் சைக்கிளில் வீட்டுக்குத் திரும்பும்போது, வாய்க்கால் வளைவில் நின்ற யானை மேசனை அடித்துக் கொன்றது. சத்தம் கேட்டு ஓடிப்போனவர்கள் முதலில் கண்டது மடிந்துபோன சைக்கிளைத்தான்.

யானை வராமல் மின்வேலி போட்டுத் தரும்வரை உடலைச் சுடலைக்கு எடுப்பதில்லை என்று சனம் தீர்மானித்தது. மறுநாள் பெட்டியைப் பெரிய வீதிக்குக் கொண்டுபோய், அரசாங்கக் கந்தோர் ஒன்றுக்கு முன்னால் வைத்தார்கள். நானும் போயிருந்தேன். எல்லோருடனும் சேர்ந்து தொண்டை வற்றக் கத்தினேன். வெயில் ஏறியது. அவருடைய மனைவி பெட்டியின் தலைமாட்டில் இருந்து, விரித்த குடையை அவர் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தா. திடீரென்று எழும்பினா. எங்களைப் போலவே கதைத்துப் பழகியவ. அன்றைக்கு வாயில் வந்தது தாய் வீட்டு மலைநாட்டுப் பேச்சு.

“போதும்யா. ராத்திரி பூரா முழிச்சிருந்த மனுசன். வீட்டுக்குத் தூக்கிட்டுப் போங்க. கொஞ்சம் தூங்கட்டும்.”

கத்தல் நின்றது. இளந்தாரிகள் குனிந்து பெட்டியைத் தூக்கினார்கள்.

அரசியல்வாதி ஒருவர் செத்தவீட்டுக்கு வந்தார். வேலி வரும் என்றார், படம் எடுத்தார்கள். பிறகு காட்டோரத்தில் வேலிக் கட்டைகள் நட்டார்கள். கம்பி இன்னும் வரவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து மேசனின் மகள் பள்ளிக்கு வரத் தொடங்கினாள். முன்வாசலால் வரவில்லை. பின்பக்கத்துக் கம்பிவேலி இடைவெளிக்குள் குனிந்து நுழைவாள். ஒருநாள் அவளுடைய வெள்ளைச் சட்டை கம்பியில் மாட்டிக் கிழிந்திருந்ததைப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது. நான் அதிபரிடம் போனேன்.

“மதிலில இருக்கிற யானையை அழிக்கப் போறன், சேர்.”

“அது ஏதோ ஒரு யானை ரீச்சர். இது படம்” என்றார். யன்னலால் மதிலைப் பார்த்துவிட்டு, “சரி, அழியுங்கோ” என்றார்.

சனிக்கிழமை வெள்ளைப் பெயின்றோடு போனேன். யார் சொன்னார்களோ, மேசனின் மனைவியும் வந்து நின்றா. மற்றத் தூரிகையை எடுத்துக் காலிலிருந்து பூசத் தொடங்கினா. நான் மேலே, அவா கீழே. பிறகு, பூசுவதை நிறுத்தாமலே சொன்னா:

“நல்ல வடிவாத்தான் கீறியிருந்தீங்கள் ரீச்சர். அவரும் வீட்டில வந்து சொன்னவர்.”

நான் தூரிகையை மறுபடி பெயின்றில் தோய்த்தேன். யானை முழுக்க மறைந்து, தூரிகை குளத்துத் தண்ணீரைத் தொட்டதும் அவா நிறுத்தினா. “தண்ணி இருக்கட்டும்” என்றா. விட்டுவிட்டோம்.

திங்கட்கிழமை காலை முதலாம் வகுப்புச் சின்னதுகள் மதிலடியில் கூடி நின்றன. தினமும் யானையைத் தொட்டுவிட்டு உள்ளே போவது அவர்களுடைய பழக்கம். அந்த நேரம்தான் மகள் முன்பக்கமாக வந்தாள்.

ஒரு சின்னப் பெண் அவளுடைய கையைப் பிடித்து இழுத்தாள். “அக்கா, யானை எங்க?”

நான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் மதிலைப் பார்த்தாள்.

“காட்டுக்குப் போயிட்டுது” என்றாள்.

“திரும்பி வருமோ?”

“இல்லை. இனி வராது.”

சின்னதுகள் நம்பிவிட்டன. அவள் வகுப்புக்குள் போய்த் தன் கதிரையில் இருந்து, மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். முதலாவது பாடம் என்னுடையது. மற்றப் பிள்ளைகளுக்கு விருப்பமானதைக் கீறச் சொல்லிவிட்டு, மணி அடிக்கும்வரை நான் அவளை எழுப்பவில்லை.