யோர்தமோதர் என்ற சொல்

தங்கையின் முதல் பிள்ளை யாழ்ப்பாணத்தில் பிறக்கும்போதே இறந்துவிட்டது. இரண்டாவது பிள்ளைக்கு அவளுக்கு டென்மார்க்கில் நோவு கண்டது. தொண்ணூறுகளின் தொடக்கம். நானும் மனைவியும் கனடாவில், ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட்டில் குடியிருந்தோம். தங்கையின் கணவர் ஆஸ்பத்திரியிலிருந்து ஃபோன் எடுத்தார்.

"அண்ணை, டொக்டர் ஒருத்தரும் வரேல்லை. ஒரு பொம்பிளை மட்டும் நிக்கிறா. என்னையும் உள்ளை வா, வா எண்டு கூப்பிடுறா. ஏதோ பிழைச்சுப்போச்சு போல."

பிள்ளைப்பேறு நடக்கும் அறைக்குள் எங்கள் ஆண்கள் போவதில்லை. கூப்பிட்டால் அது கெட்ட செய்திக்குத்தான். அந்தப் பெண் யார் என்று கேட்டேன். அவள் சட்டையில் குத்தியிருந்த அட்டையில் இருந்த சொல்லை எழுத்தெழுத்தாகச் சொன்னார். யோர்தமோதர். அதற்குள் காசு முடிந்து லைன் அறுந்தது.

என்னால் இருக்க முடியவில்லை.

"நடந்து நடந்து என்னையும் பயப்படுத்தாதேங்கோ" என்றாள் மனைவி. "லைப்ரரியிலை போய்ப் பாருங்கோ. நான் ஃபோனடியிலை இருக்கிறன்."

நகரத்துப் பெரிய நூலகத்தில் டேனிஷ் சொற்பிறப்பு அகராதி ஒன்று இருந்தது. டேனிஷ்-ஆங்கில அகராதியைப் பக்கத்தில் வைத்துச் சொல் சொல்லாகப் பெயர்த்தேன். மோதர், தாய். யோர்த், மண். மண் என்றதும் முதல் பிள்ளையைப் புதைத்த இடம்தான் கண்ணில் நின்றது. அடுத்த வரிக்குப் போகப் பயமாக இருந்தது. போனேன். முற்காலத்தில் பிள்ளை மண் தரையில் பிறக்குமாம். அதைத் தூக்கித் தகப்பன் கையில் கொடுப்பவளுக்கு இந்தப் பெயராம். இன்னொரு கருத்தும் இருந்தது: முற்பகுதி மண்ணே அல்ல, பிறந்த குழந்தையைக் குறித்த பழைய ஸ்கண்டினேவியச் சொல். அது மறந்துபோன பிறகு சனங்கள் அதை மண் என்று மாற்றிக்கொண்டார்கள்.

மருத்துவிச்சி. தகப்பன் பக்கத்தில் நிற்க வேண்டும் என்றுதான் கூப்பிடுகிறாள்.

கீழே இருந்த கட்டண ஃபோனுக்கு ஓடினேன். வீட்டு லைன் பிஸி. மறுபடியும் பிஸி. பிறகு மனைவி எடுத்தாள்.

"அவர் ஆஸ்பத்திரியிலையிருந்து திரும்ப ஃபோன் எடுத்தவர்" என்றாள். "உள்ளை போங்கோ எண்டு ஏசிப்போட்டன். ஃபோனை வைக்காமலே ஓடிட்டார். ஆரோ கத்தின சத்தம் கேட்டது. பிறகு கட்டாயிட்டுது."

"தங்கச்சியின்ரை குரலோ?"

"தெரியேல்லை. நீங்கள் லைனை விடுங்கோ."

வீட்டுக்கு வந்தும் வெகுநேரம் ஃபோன் அடிக்கவில்லை. அடித்தபோது மனைவி எடுக்கவில்லை, என்னைப் பார்த்தாள். நான் எடுத்தேன்.

"அண்ணை" என்றாள் தங்கை. அவள் குரலோடு, ஃபோனுக்கு மிகக் கிட்ட, ஒரு பிள்ளையின் அழுகையும் கேட்டது.