மழைக்காரரின் சனிக்கிழமை

இனோகுச்சி கலந்துகொண்டால் மழை பெய்யும். அதை அவரே மறுத்ததில்லை. மகளின் பள்ளி விளையாட்டு விழா இரண்டு முறை கூடத்துக்குள் நடந்தது. கம்பெனியின் செர்ரிப்பூ விருந்தில் பூவும் சோறும் சேர்ந்து நனைந்தன. இப்படிப்பட்டவரை எங்கள் பக்கம் மழைக்காரர் என்பார்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவர் இருப்பார். யாரும் கோபித்துக்கொள்வதில்லை; குடையை எடுத்துக்கொண்டு வருவார்கள், அவ்வளவுதான்.

வயது ஐம்பத்தெட்டு. ஹிமேஜி நகருக்கு வடக்கே, காசு போட்டால் பானம் தரும் தெருவோர இயந்திரங்களில் டப்பாக்களை நிரப்புவது வேலை. குளிர் தொடங்கியதும் 'குளிர்' என்ற நீல அட்டையை எடுத்துவிட்டு, 'சூடு' என்ற சிவப்பு அட்டையைச் செருகி, காப்பியைச் சூடாக்குவார். மனைவி இறந்த பிறகு, இவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட மூன்று பேர்தான் இருந்தார்கள். ஒருத்தி கோஸ் அடைக்கடை நடத்தும் த்சுனேகோ; மற்ற இருவரும் அவள் கடையில், இரும்புக்கல்லைச் சுற்றி உட்கார்ந்து தின்பவர்கள். இவரோடு சேர்த்து நான்கு பேரும் வருடம் ஒரு முறை இவகுரா மலை ஏறத் திட்டம் போடுவார்கள்.

இவகுரா பெரிய மலை ஒன்றுமில்லை. காலையில் ஏறினால் மதியச் சாப்பாடு உச்சியில். ஆனால் மேல்பாதி முழுக்க மொட்டைப் பாறை. ஓரிடத்தில் இரும்புச் சங்கிலியைப் பிடித்துத்தான் ஏற முடியும். நனைந்தால் பாறை வழுக்கும். எனவே மழை என்றால் பயணம் ரத்து. இனோகுச்சி சேர்ந்த நாளிலிருந்து ஒவ்வொரு வருடமும் ரத்து.

இந்த வருடத் திட்டத்துக்காக அக்டோபரில் கூடினார்கள். பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருக்கும் ஃபுஸாயேதான் தலைவி. நவம்பர் முதல் ஞாயிறு என்று முடிவானது. எல்லோரும் இனோகுச்சியைப் பார்க்காமல் கல்லைப் பார்த்தார்கள். மழை நிற்பதற்காகக் கட்டும் துணிப்பொம்மையைத் த்சுனேகோ இப்போதே தொங்கவிட்டிருந்தாள். அதன் முகம் இனோகுச்சியின் இருக்கையைப் பார்த்து இருந்தது.

அரிசிக்கடை குவாபராதான் வாயைத் திறந்தார். "எனக்கு ஒரு யோசனை. இனோகுச்சி, நீ சனிக்கிழமை போ."

"சனிக்கிழமையா?"

"ஆமாய்யா. ஒருநாள் முன்னாடி. உன்னைப் பார்த்ததும் மழை வந்துரும். கொட்டித் தீர்த்துரும். ஞாயித்துக்கிழமை வானம் பளிச்னு இருக்கும்."

"சும்மா ஸ்டேஷன் வரைக்கும் போய்ட்டு வந்தா போதுமா?" என்று இனோகுச்சி கேட்டார்.

"நடிச்சா வேலைக்காகாது," என்றாள் ஃபுஸாயே. "மனசார மலை ஏறப் போற மாதிரியே கிளம்பணும். சோத்துருண்டை கட்டிக்கணும். ஷூ போடணும்."

"உள்ள புளிப்பு பிளம் வைக்கணும்," என்றார் குவாபரா. "அது இல்லன்னா பிக்னிக் மாதிரி ஆயிடும்."

"அப்ப ஞாயித்துக்கிழமை இவரு?" என்று த்சுனேகோ கேட்டாள்.

த்சுனேகோ அடையைத் திருப்பிப் போட்டாள். இந்த ஏற்பாடு பலித்துவிட்டால் இனி ஒவ்வொரு வருடமும் சனிக்கிழமைதான் தன் கிழமை என்பது இனோகுச்சிக்குப் புரிந்தது. மழை இல்லாத உச்சியில் மூவரும் சாப்பிடுவார்கள். அதைப் பற்றி அவரிடம் சொல்வார்கள்.

"ஞாயித்துக்கிழமை நான் வீட்டுலயே இருந்துக்கறேன்," என்றார்.

"சேச்சே, அதெப்படி?" என்றார்கள் மூவரும். "இல்ல, இருந்துக்கறேன்." "நல்லாவா இருக்கும்?" "பரவாயில்லைங்க." மறுக்க வேண்டிய அளவுக்கு மறுத்துவிட்டு நன்றி சொன்னார்கள்.

"தெளிஞ்ச நாள்ல உச்சியிலேருந்து கடல் தெரியுமாம்," என்றாள் த்சுனேகோ, யாரையும் குறிப்பாகப் பார்க்காமல்.

சனிக்கிழமை இனோகுச்சி மனசாரக் கிளம்பினார். சோற்றுருண்டைக்குள் புளிப்பு பிளம் வைத்தார். ஒற்றைப் பெட்டி ரயிலில் போய் மலையடி ஸ்டேஷனில் இறங்கினார். வானத்தில் மருந்துக்குக்கூட மேகமில்லை. நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தார். அடுத்த ரயிலும் வந்து போனது. வெயில் ஏறியது. கூட்டத்துக்கு நம்பிக்கைத் துரோகம் செய்வது போல இருந்தது. ஒருவேளை மழை தனக்காக ஏறுபாதை தொடங்குமிடத்தில் காத்திருக்குமோ என்று அங்கே போனார். அங்கும் இல்லை. சங்கிலி வரை போய்ப் பார்த்தார். வெயிலில் கிடந்த இரும்பு, சற்றுமுன் யாரோ பிடித்துவிட்டுப் போனது போலச் சூடாக இருந்தது.

பிடித்துக்கொண்டு ஏறினார்.

உச்சியில் போன் அடித்தது. ஃபுஸாயே.

"பெய்யுதா?"

"இன்னும் இல்லைங்க."

"கவலைப்படாதீங்க, பொழுது இருக்கு. எங்க இருக்கீங்க?"

"மலைக்குப் பக்கத்துலதான்," என்றார், மலைமேல் உட்கார்ந்துகொண்டு.

தெற்கே கடல் தெரிந்தது. அதில் தீவுகள். பக்கத்துப் பாறையில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த பெண்மணி, "நல்ல நாளாப் பார்த்து வந்திருக்கீங்க," என்றாள். இனோகுச்சி திரும்பித் தன் பின்னால் பார்த்தார். யாரும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே ஊற்றியது.

படுக்கையில் கிடந்தபடி கூரைச் சத்தத்தைக் கேட்டார். தொடையெல்லாம் வலி. நேற்று மலைமேல் தான் இருந்தபோது வெயில். இன்று தான் வீட்டில், மழை. அப்படியென்றால் மழைக்காரர் தானில்லை. இத்தனை வருடப் பழியும் ஒரே இரவில் கழிந்தது. இதைப் போனில் சொல்வது முறையல்ல. மாலை கடையில் நேரில் சொல்ல ஒரு வாக்கியம் தயார் செய்தார்: "நேத்து நான் ஏறினேன். நல்ல வெயில்."

மாலை கடைக்குள் நுழைந்தார். ஸ்டேஷன் கூரையடியில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிய மூன்று பேரின் ஷூக்களும் நாளிதழ் திணித்து வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. வழக்கமாக இடித்துக்கொண்டு உட்காருபவர்கள், ஆளுக்கொரு இருக்கை விட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"என் கல்யாணத்தன்னைக்கு பனிதான் கொட்டுச்சு," என்று குவாபரா சொல்லிக்கொண்டிருந்தார். "பனி மழையில சேராது."

"உங்களை யாரும் ஒண்ணும் சொல்லலையே," என்றாள் ஃபுஸாயே. "நீங்களா ஏன் ஆரம்பிக்கறீங்க?"

"இல்ல, நீ பார்த்த பார்வை அப்படி இருந்துச்சு."

"நான் கடியாரத்தைப் பார்த்தேன்."

"கடியாரம் அந்தப் பக்கம்ல இருக்கு?"

த்சுனேகோ துணிப்பொம்மையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். யாரைப் பார்த்துத் தொங்கவிடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"இனோகுச்சி சான், நேத்து என்னதான் ஆச்சு?" என்று ஃபுஸாயே கேட்டாள். மூவரும் திரும்பினார்கள்.

தயார் செய்த வாக்கியம் நாக்கில் இருந்தது. அதைச் சொன்னால், மீதி இருப்பவர்களில் ஒருவர் மழைக்காரர். அது யாரென்று தெரியும்வரை நான்கு பேரும் ஒன்றாக எங்கும் கிளம்பப்போவதில்லை. அடைகூடத் தனித்தனியாகத்தான் தின்பார்கள் என்று தோன்றியது.

"நேத்து ஒண்ணுமில்லைங்க," என்றார். "இன்னைக்குக் காலையிலதான் தப்பு பண்ணிட்டேன். மனசு கேக்கல. ஷூவைப் போட்டுட்டு வாசல் வரைக்கும் வந்துட்டேன்."

"சொன்னேனா இல்லையா!" குவாபரா மேசையை ஓங்கித் தட்டினார். "வாசல் வரைக்கும் வந்தா போதாதா? உனக்கெல்லாம் ஷூவைத் தொட்டாலே போதும்யா!" பேசிக்கொண்டே ஃபுஸாயே பக்கத்து இருக்கைக்கு மாறினார். அவளும் பையை நகர்த்தி இடம் கொடுத்தாள்.

"அப்ப தப்பு ஆள்கிட்ட இல்ல, ஷூவுலதான் இருக்கு," என்றாள் ஃபுஸாயே, தலைவிக்கே உரிய குரலில். "ஷூவை இங்கயே வெச்சுடலாம். வர்ற வசந்தத்துல காலைல இனோகுச்சி சான் நேரா இங்க வரட்டும், போட்டுக்கட்டும், அப்படியே நாலு பேரும் ரயிலேறிடலாம். வானம் சுதாரிக்கறதுக்குள்ள உச்சிக்குப் போயிடலாம்."

"இப்பவே கொண்டா," என்றார் குவாபரா. "ஒருநாளும் அது உங்கிட்ட இருக்கக் கூடாது."

வீடு மூன்று கடை தள்ளித்தான். இனோகுச்சி குடை பிடித்துப் போய், ஷூவைப் பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துவந்தார். த்சுனேகோ அதை வாங்கி, உள்ளே எடுத்துவைக்கும் முன் பைக்குள் பார்த்தாள். ஷூவில் ஈரமில்லை. அடிப்பாகத்தின் பள்ளங்களில் வெளிறிய பாறைப்பொடி அப்பியிருந்தது.

மற்ற இருவரும் வசந்தத்தில் எந்த ஞாயிறு என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். அவள் பையின் வாயை இறுக்கி முடிச்சுப் போட்டாள். துணிப்பொம்மையைப் பழைய ஆணியில், பழையபடி இனோகுச்சியைப் பார்த்து மாட்டினாள். பிறகு அவர் அடைமேல் கேட்காமலே இன்னொரு முட்டையை உடைத்து ஊற்றினாள்.

"கடல் தெரிஞ்சுதா?" என்று குனிந்தபடி மெல்லக் கேட்டாள்.

"தெரிஞ்சுது."

"சரி, சூடா இருக்கும்போதே சாப்பிடுங்க."