ஏழுமலையின் காது ஆறிய கதை

காது குத்துவது கண் மூடித் திறப்பதற்குள் முடிகிற வேலை. குத்திய காது ஆறுகிற வரைக்கும் வசவு வாங்குவதுதான் பத்தர் தொழில். காதில் சீழ் வைத்து, ஒருக்களித்துப் படுக்க முடியாமல் தவித்தவர்களே, அன்று நீங்கள் திட்டியது என்னைப் போன்ற ஒருவனைத்தான்.

மடி

எழுபதுகளில் திருவொற்றியூரில் நகைப் பட்டறை வைத்திருந்தேன். எதிர்வீட்டு ஏழுமலை துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவன், வாட்டசாட்டமான ஆள். காது குத்தாதவனுக்குப் பெண் கொடுக்க மாட்டோம் என்று சம்பந்தி வீட்டில் சொல்லிவிட்டார்கள். அவன் குழந்தையாக இருந்தபோது நடந்த காதுகுத்தில், தாய்மாமன் சீராகக் கொண்டுவந்த சட்டை சின்னதாக இருக்கிறது என்று அவன் அம்மா குப்பம்மா சொல்லப்போக, அண்ணன்காரர் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். மாமன் மடி இல்லாமல் எப்படிக் குத்துவது? காதும் நின்றது, அண்ணன் தங்கை பேச்சும் நின்றது.

நான்தான் முகத்துவாரக்குப்பத்துக்குப் போய் மாமனைக் கெஞ்சி அழைத்து வந்தேன். தங்கை வீட்டு வாசல்படி ஏற மாட்டேன் என்றதால் என் பட்டறையிலேயே காதுகுத்து. மாமன் வலை வீசுகிற ஒல்லி மனிதர். மாப்பிள்ளை மடியில் உட்கார்ந்ததும் அவருக்குக் கண் கலங்கியது. பாசம் என்று நினைத்தேன். அவர் சொன்னார்: "ஜல்தியா குத்து பத்தரே, காலு மரத்துப் பூட்ச்சு."

உப்புத் தண்ணீர்

வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கழுவி, மஞ்சள் குழைத்த தேங்காய் எண்ணெய் தடவச் சொன்னேன். மடியில் வைத்தவருக்குத்தான் பொறுப்பு என்று மாமனே தினமும் சைக்கிளில் வந்தார். என் பட்டறை பெஞ்சில்தான் எல்லாம். கொஞ்ச நாளில் காது பணியாரம் மாதிரி வீங்கிவிட்டது. அவருடைய தூக்குவாளியை முகர்ந்து பார்த்தேன், மீன் வாடை. முகத்துவாரத்தில் மொண்ட தண்ணீர். கேட்டதற்கு மாமன் சொன்னார்: "வாசல்லயே கடல் கீது. உப்ப காசு குட்த்து வாங்க நான் இன்னா பைத்தியமா?"

பத்தியம்

சீழ் வடிகிற காதோடு மணையில் உட்காரக் கூடாது என்று பெண் வீட்டார் தேதியைத் தள்ளப் பார்த்தார்கள். குப்பம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. காது ஆறுகிற வரைக்கும் ஏழுமலைக்குக் கருவாட்டை நிறுத்தச் சொன்னேன். "கருவாடு குட்த்து அனுப்பறது யாருன்னு கேளு பத்தரே" என்று எதிர்வீட்டு வாசலிலிருந்து குப்பம்மா. "அத்த ஆக்கிப் போடறது யாருன்னு கேளு பத்தரே" என்று என் பெஞ்சிலிருந்து மாமன். அந்தச் சத்தம் முழுவதும் வீங்கின காதில் விழ, ஏழுமலை சொன்னான்: "பத்தரே, கருவாட்டக்கூட நிறுத்திடறேன். இவுங்கள நிறுத்து."

ஈரம்

கல்யாணப் பந்தக்கால் நடுவதற்கு முந்தின நாள் பார்த்தேன். கடல் தண்ணீரை விட்டுக் கல்லுப்புத் தண்ணீருக்கு மாறியதில் காது சுத்தமாக ஆறியிருந்தது. இனி எண்ணெய் வேண்டாம் என்றேன். மாமன் சீசாவை மூடினார்; ஆனால் சைக்கிளை எடுக்காமல் நின்றார். பிறகு பையிலிருந்து கல்யாணச் சட்டையை எடுத்து மருமகனிடம் கொடுத்தார். அதற்குள் இன்னொரு ஆளும் நுழையலாம்.

குப்பம்மா தெருவைக் கடந்து வந்தாள். சட்டையைப் பார்த்தாள், வாங்கி மடித்து இடுப்பில் இடுக்கிக்கொண்டாள். மகன் காதைத் தொட்டுவிட்டு, என்னிடம் சொல்லாமல் அண்ணனிடமே சொன்னாள்: "இன்னும் ஈரம் கீது. நாளிக்கு வூட்டுக்கே வந்து எண்ண வெச்சி வுடுண்ணே."

நான் ஆறிவிட்டது என்று சொன்ன காதை இன்னொருவர் ஆறவில்லை என்று சொல்லி, நான் வாயை மூடிக்கொண்டு நின்றது அந்த ஒரு தடவைதான்.